கடைசி நூறு அடி

2024 டிசம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை. அன்று இரவு எனக்கு ஆன்-கால் முறை. மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கோ இருக்கும் ஒரு சர்வரில் கோளாறு வந்தால் என் போன் அலறும். ஐந்து நிமிடத்துக்குள் எழுந்து, 'பார்த்துவிட்டேன்' என்று ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் அடுத்த ஆளுக்குப் போகும். அவரும் தூங்கிவிட்டால் மேலாளருக்கு. யாராவது ஒருவர் பொறுப்பேற்கும்வரை அது ஓயாது. அன்று ஓசூரில் விடாமல் தூறிக்கொண்டிருந்தது. போன் ஒரு தடவைகூட அடிக்கவில்லை. நன்றாகத் தூங்கினேன்.

அதே இரவில், அதே கிருஷ்ணகிரி மாவட்டத்தின் இன்னொரு மூலையில், ஊத்தங்கரையில் மழை வெளுத்து வாங்கியது. திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு முந்தைய 24 மணி நேரக் கணக்கை எடுத்தபோது 50 சென்டிமீட்டரைத் தாண்டியிருந்தது. எங்கள் மாவட்டத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதே எண்ணூறு, எண்ணூற்றைம்பது மில்லிமீட்டர்தான். பாதி வருஷத்து மழைக்கு மேல் ஒரே நாளில் இறங்கிவிட்டது. ஏரி நிரம்பி வழிந்த தண்ணீர், சாலையோரம் நிறுத்தியிருந்த வேன்களையும் கார்களையும் பொம்மை மாதிரி உருட்டிக்கொண்டு போன காட்சியை நீங்களும் போனில் பார்த்திருப்பீர்கள். ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது புதுச்சேரி பக்கம். புயல் என்றால் கடற்கரைக்காரர்கள் சமாசாரம் என்று நினைத்துக்கொண்டிருந்த ஊர் எங்களுடையது.

ஊத்தங்கரைப் பக்கம் ஒரு கிராமத்தில் என் பெரியம்மா தனியாக இருக்கிறார். ஏரிக்குக் கீழே வீடு. காலையில் செய்தி பார்த்துவிட்டுப் போன் போட்டேன். ஸ்விட்ச் ஆஃப். மதியம்வரை போட்டுக்கொண்டே இருந்தேன். கடைசியில் வேறு யாரோ ஒருவரின் போனிலிருந்து அவரே கூப்பிட்டார்.

"நல்லாத்தான் இருக்கேன் கண்ணு. ஏரி ரொம்பி கோடி போச்சு. ராத்திரி பால் ஊத்துற பையன் வந்து கதவ ஒடைக்கிற மாதிரி தட்னான். அவன் மட்டும் தட்டலைன்னா..." அதற்கு மேல் அவர் சொல்லவில்லை.

இரண்டு ஆடுகளும் ஒரு மூட்டை ராகியும் போயின. பட்டா காகிதங்கள் ஊறிப்போயின. ஒரு வாரம் கழித்துப் போனபோது அவருடைய பட்டன் போனை அரிசி டப்பாவிலிருந்து எடுத்துச் சார்ஜ் போட்டுப் பார்த்தேன். உயிர் வந்தது. உள்ளே ஒரு குறுஞ்செய்தி: கனமழை எச்சரிக்கை, பாதுகாப்பாக இருங்கள். வந்த நேரம் முந்தைய நாள் மாலை. கரண்ட் போய், சார்ஜ் தீர்ந்து போன் அணைவதற்கு முன்பே செய்தி வந்திருக்கிறது. பெரியம்மாவுக்குப் படிக்கத் தெரியாது.

எச்சரிக்கை அவர் மடிவரைக்கும் வந்துவிட்டது. கடைசி நூறு அடியைக் கடந்து அவர் காதில் சேர்த்தவன் அந்தப் பால்காரப் பையன்தான். அவனுக்கு அது வேலையில்லை. யாரும் அவனை நியமிக்கவில்லை. அவனாகவே வந்தான். வராமலும் இருந்திருக்கலாம்.

*

ஊத்தங்கரையில் பெய்த மழை பாம்பாற்றில் இறங்கும். பாம்பாறு தென்பெண்ணையில் சேரும். தென்பெண்ணை சாத்தனூர் அணைக்குப் போகும். டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூரிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி தண்ணீர் திறக்கப்பட்டது. திருவண்ணாமலை, விழுப்புரம், கடலூர் மாவட்டங்களில் ஆற்றோர ஊர்கள் தூக்கத்திலேயே மூழ்கின. பிறகு வழக்கமான சண்டை. முன்னறிவிப்பில்லாமல் திறந்துவிட்டார்கள் என்றன எதிர்க்கட்சிகள். ஐந்து முறை எச்சரிக்கை கொடுத்தோம் என்றது அரசு.

என் தொழில் புத்தி இதை வேறு மாதிரி பார்க்கிறது. 'அனுப்பினோம்' என்பதும் 'வந்து சேரவில்லை' என்பதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். எங்கள் வேலையில் அனுப்பிய அலர்ட்டுக்கு மதிப்பே கிடையாது. 'பார்த்துவிட்டேன்' என்று யாராவது அழுத்திய அலர்ட்டுக்குத்தான் மதிப்பு. ஒரு சர்வருக்கு இருக்கிற இந்த ஏற்பாடு என் பெரியம்மாவுக்கு இல்லை.

எப்போதுமே இல்லையா, அல்லது இருந்து போனதா? இந்தக் கேள்விதான் என்னைப் பழைய சேலம் மாவட்ட வரலாற்றுக்குள் தள்ளியது. ஓசூரும் கிருஷ்ணகிரியும் 1965 வரை சேலம் மாவட்டம். பிறகு தர்மபுரி. 2004-ல்தான் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது.

*

1858-ல் சென்னை மாகாணத்துக்கென்று ஒரு சட்டம் வந்தது. கட்டாய உழைப்புச் சட்டம். பெயரைக் கேட்டதும் ஏதோ தோட்டத் தொழிலாளர் விவகாரம் என்றுதான் நினைத்தேன். படித்தால் வெள்ளம். ஓர் ஏரியின் கரையோ ஆற்றின் கரையோ உடையும் நிலையில் இருந்து, நிறைய ஆட்கள் உடனே சேர்ந்து வேலை செய்தால் தடுக்கலாம் என்று பொறுப்பு அதிகாரி நினைத்தால், பக்கத்துக் கிராமத் தலைவர்கள் மூலம் திடகாத்திரமான ஆண்கள் எல்லோரையும் அவர் வரவழைக்கலாம். வந்தே ஆக வேண்டும். வேலைக்குக் கூலி உண்டு. வராவிட்டால் தண்டனை உண்டு. கிராமங்கள் வழக்கமாகச் செய்துவந்த குடிமராமத்து வேலையைச் செய்யாமல் விட்டால் அதற்கும் அதே சட்டத்தில் வழி இருந்தது.

நம் மண்ணில் வெள்ளத் தடுப்புக்காக எழுதப்பட்ட பழைய சட்டங்களில் இது ஒன்று. 'யார் வர வேண்டும்' என்பதற்கு அதில் தெளிவான பதில் இருக்கிறது. அந்தப் பதிலில்தான் கசப்பும் இருக்கிறது. எல்லா ஆண்களும் அல்ல, 'உழைக்கும் வகுப்பைச் சேர்ந்த' ஆண்கள். நிலம் யாருடையதோ அவர் கரையில் குடை பிடித்து நிற்கலாம். மண் சுமப்பது மற்றவர்.

சட்டத்துக்கு முன்பிருந்தே கிராமத்தில் இந்த வேலைகளுக்கெல்லாம் ஆள் இருந்தார்கள். மதகைத் திறந்து மூடி, கரையில் நண்டு வளை இருக்கிறதா, கசிவு இருக்கிறதா என்று பார்ப்பவர் நீர்க்கட்டி. எல்லைக்கு அந்தப் பக்கம் கன்னடத்தில் நீருகண்டி. காவலுக்குத் தலையாரி. ஊருக்குச் சேதி சொல்ல வெட்டியான், கையில் பறை. மழை இரவில் கரையைச் சுற்றி வருவதும் கோடி போனால் தெருத்தெருவாகச் சொல்வதும் அவர்கள் கடமை. கடைசி நூறு அடி யாருடையது என்ற கேள்விக்கே அன்று இடமில்லை. அது சாதி பார்த்து, பிறப்பிலேயே சிலர் தலையில் கட்டப்பட்டிருந்தது. பழைய நீர் மேலாண்மையைப் பற்றிக் கண் பனிக்க எழுதுகிறவர்கள் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள். நாம் கொஞ்சம் நிற்போம்.

*

1876-ல் மழை பொய்த்தது. அடுத்த இரண்டு வருஷங்களை நம் கிழவிகள் தாது வருஷப் பஞ்சம் என்றார்கள். 1871 கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தில் ஏறக்குறைய 19.7 லட்சம் பேர். 1881-ல் 16 லட்சம். பத்து வருஷத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு அருகே காணோம். செத்தவர்கள், ஊரைவிட்டுப் போனவர்கள், பிறக்காமலே போன குழந்தைகள் எல்லாம் சேர்ந்த கணக்கு. வைஸ்ராய் லிட்டன் 1877 ஜனவரி 1 அன்று டெல்லியில் தர்பார் நடத்தினார். அவர் அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலைக்கு வந்தவர்களின் கூலியை ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் காசும் என்று சுருக்கினார். அது உயிரைப் பிடித்து வைக்கப் போதாது என்று எதிர்த்து எழுதினார் மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ். பஞ்சம் அடங்கிய 1878 டிசம்பரில், ஓசூருக்குப் பக்கத்தில் தொரப்பள்ளியில் ஒரு குழந்தை பிறந்தது. பின்னாளில் ராஜாஜி. தென்பெண்ணை அந்த ஊரையொட்டித்தான் ஓடுகிறது.

இவ்வளவு பேரைப் பலி கொடுத்த பிறகு அரசு ஒரு விசாரணைக் குழு போட்டது. 1880-ல் அதன் அறிக்கை வந்தது. அதைத் தொடர்ந்து மாகாணங்களுக்குப் பஞ்ச விதித்தொகுப்புகள் எழுதப்பட்டன. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் மரியாதையும் ஒன்றாக வந்தன. எங்கள் வேலையில் 'ரன்புக்' என்று ஒன்று உண்டு. இன்ன அறிகுறி தெரிந்தால் இன்னார் இன்னது செய்ய வேண்டும் என்று, தூக்கக் கலக்கத்தில் படித்தாலும் புரிகிற மாதிரி எழுதி வைத்த கையேடு. பஞ்ச விதித்தொகுப்பு அச்சு அசல் ஒரு ரன்புக். மழை, பயிர், தானிய விலை ஆகியவற்றைக் கிராம அதிகாரி முதல் கலெக்டர்வரை கவனித்து எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். விலை ஏறுகிறதா, மக்கள் கூட்டமாக ஊரைவிட்டுக் கிளம்புகிறார்களா, தானியத் திருட்டு கூடுகிறதா என்று பார்க்க வேண்டும். சந்தேகம் வந்தால் குறைந்த கூலிக்கு ஒரு சோதனை வேலையைத் திறக்க வேண்டும். அந்தக் கூலிக்கும் ஆட்கள் கூடினால் பஞ்சம் வந்துவிட்டது என்று அர்த்தம். வெள்ளைக்காரனின் கஞ்சத்தனம் அதன் ஒவ்வொரு வரியிலும் உண்டு. ஆனாலும் எந்த அறிகுறிக்கு யார் எழுந்திருக்க வேண்டும் என்று அது சொன்னது.

விதியோடு தண்டவாளமும் வந்தது. பஞ்சத்தின்போது தானியம் உள்ளே வர வழியில்லாமல் தவித்த பகுதி இது. அதனால் பஞ்சப் பாதுகாப்பு ரயில் என்ற பெயரில் குறுகிய பாதைகள் போடப்பட்டன. 1905-ல் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு. 1906-ல் மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு, பிறகு 1913-ல் ஓசூர்வரை. பெரிய பஞ்சம் வரவில்லை. ரயிலில் வருமானமும் இல்லை. 1936-ல் கிருஷ்ணகிரிப் பாதையை மூடினார்கள். 1941-ல், உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, ஓசூர்ப் பாதையையும். ஓசூருக்கு மறுபடி ரயில் வர 1960களின் இறுதி ஆயிற்று. மாவட்டத் தலைநகரான கிருஷ்ணகிரிக்கு இன்றுவரை ரயில் இல்லை. தேர்தலுக்குத் தேர்தல் கேட்டுக்கொண்டிருக்கிறோம். ஒரு காலத்தில் இருந்தது என்பதே பலருக்குத் தெரியாது.

ஆபத்துக்காகச் செய்த ஏற்பாடு ஆபத்து வராத வருஷங்களில்தான் சாகிறது. 'சும்மாதானே கிடக்கு' என்று யாராவது சொல்லும் நாளில்.

*

வாணியம்பாடிக்குப் போனால் ஒரு நினைவுத்தூணைப் பார்க்கலாம். 1903 நவம்பர் 12 அன்று பாலாற்றில் வந்த வெள்ளத்தில் இறந்தவர்களுக்கானது. அன்று வாணியம்பாடியும் சேலம் மாவட்டம்தான். மேலே மைசூர் சமஸ்தானத்தில் ஏரிகள் உடைந்த தண்ணீர் கீழே வந்து ஊரை அடித்தது. சுமார் 200 பேர் இறந்தார்கள்.

எல்லைக்கு மேலே பெய்கிற மழை எல்லைக்குக் கீழே இருப்பவர் வீட்டுக்கு வரும். ஓசூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித் தரத் தேவையில்லை. பெங்களூரின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழிந்தால் அந்தத் தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கி எங்கள் கெலவரப்பள்ளி அணைக்குத்தான் வருகிறது. வெள்ள நாளில் அணைக்கு வெளியே ஆளுயரத்துக்கு நுரை நிற்கும். காரில் ஒரு மணி நேரத்தில் போய்வருகிற நகரம். வேறு மாநிலம். அங்கே மழை பெய்தால் என் போனில் வருகிற முதல் செய்தி, 'நாளை வீட்டிலிருந்தே வேலை' என்பதுதான்.

கெலவரப்பள்ளிக்குக் கீழே கிருஷ்ணகிரி அணை, 1957-ல் காமராஜர் ஆட்சியில் திறக்கப்பட்டது. அறுபது வருஷம் கழித்து, 2017 நவம்பர் 29 அன்று, அணை ஏறக்குறைய நிரம்பியிருந்தபோது அதன் முதல் மதகு உடைந்தது. தண்ணீர் பீறிட்டு வெளியேறியது. கிருஷ்ணகிரி தொடங்கி கடலூர்வரை ஐந்து மாவட்டங்களுக்கு வெள்ள எச்சரிக்கை.

அந்த எச்சரிக்கை என்னையும் எட்டியது. நான் என்ன செய்தேன் தெரியுமா? நண்பன் வண்டியில் ஏறிக்கொண்டு அணை பார்க்கப் போனேன். எங்களை மாதிரி இன்னும் எத்தனையோ பேர். ஆற்றங்கரையில் நின்று வீடியோ எடுத்தோம். போலீஸ்காரர் ஒருவர் லத்தியைக் காட்டி, "படிச்ச பசங்கதானேப்பா நீங்க?" என்றார். இன்றும் நினைத்தால் காது சூடாகிறது. எச்சரிக்கை எனக்கு அழைப்பிதழாகத்தான் வந்து சேர்ந்திருந்தது.

*

இப்போது பழைய ஆட்களுக்கு என்ன ஆனது என்று பார்ப்போம். 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரைக் கிராம அதிகாரி பதவிகளை ஒழித்தது. கர்ணமும் மணியக்காரரும் போய், தேர்வு எழுதி வருகிற வி.ஏ.ஓ. வந்தார். 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு, தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்தச் சொன்னார். இனி ஒலிபெருக்கி போதும் என்றார். இரண்டுமே சரியான முடிவுகள். மழையில் நனைந்து ஒருவர் பறையடித்துக்கொண்டு வர, மற்றவர்கள் திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த காலம் ஒழிந்தது நல்லது.

ஆனால் அவரை விடுவித்த நாம், அவர் செய்த வேலையை யாருக்குக் கொடுத்தோம்? போனுக்குக் கொடுத்தோம். 2005-ல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. டிஎன்ஸ்மார்ட் செயலி வந்தது. 2023-ல் எல்லோர் போனும் ஒரே நேரத்தில் வினோதமாக அலறியதே, அந்தச் சோதனை எச்சரிக்கையும் வந்தது. 2021 அணைப் பாதுகாப்புச் சட்டம், இருக்கும் அணைகளுக்கும் ஐந்து வருஷத்துக்குள் அவசரகாலச் செயல்திட்டம் வேண்டும் என்கிறது. எல்லாம் தேவைதான். எல்லாமே செய்தி அனுப்பும் பக்கத்தில் நடக்கிற வேலை. கதவைத் தட்டும் பக்கத்தில் காலி.

அந்தப் பக்கத்தை எப்படிச் செய்வது என்று எங்கள் ஊருக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. என் அப்பா சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். 1984 போபாலுக்குப் பிறகு, 1987-ல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தி, அபாயகரமான தொழிற்சாலைகளுக்கு அவசரத் திட்டத்தைக் கட்டாயமாக்கினார்கள். அப்பாவின் பிளான்ட்டில் சைரன் அடித்தால் எந்த வாசல், எந்த மரத்தடி, யார் தலை எண்ணுவது, உள்ளே மாட்டியவரைத் தேடப் போகும் இருவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஒத்திகை. "நாலு நிமிஷத்துல முன்னூறு பேர் வெளிய நிப்போம்டா" என்பார். அதே அப்பா, ஒரு மழைநாளில் எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது மெயின் சுவிட்சை அணைக்க மறந்து, ரேஷன் கார்டைத் தேடிக்கொண்டு நின்றார். ஓசூரில் ஆயிரக்கணக்கானவர்களுக்கு இந்தப் பயிற்சி இருக்கிறது. ஷிப்ட் முடிந்து கேட்டைத் தாண்டியதும் அதை ஹெல்மெட்டோடு உள்ளேயே வைத்துவிட்டு வருகிறார்கள்.

கேட்டுக்கு வெளியே இதைச் செய்த நாடு ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது. 1970-ல் போலா புயல் அன்றைய கிழக்கு பாகிஸ்தானில் 3 லட்சம் பேருக்கு மேல் கொன்றது. வங்கதேசம் பிறந்த கையோடு செஞ்சிலுவைச் சங்கத்துடன் சேர்ந்து ஒரு தன்னார்வலர் படையைத் தொடங்கினார்கள். கிராமத்துக்குக் கிராமம் ஆட்கள், கையில் மெகாபோன், கொடி, சைக்கிள். யார் எந்த வீடுகளுக்குப் போக வேண்டும் என்று முன்பே பிரித்துவிடுவார்கள். இன்று சுமார் 76,000 பேர், அதில் பாதி பெண்கள். 2020-ல் அம்பான் புயல் வந்தபோது அங்கே இறந்தவர்கள் முப்பதுக்கும் குறைவு. நம் நாட்டிலும் ஆப்த மித்ரா என்ற பெயரில் தன்னார்வலர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். உங்கள் தெருவுக்கு யார் என்று உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது.

வெட்டியான் தலையில் சாதி கட்டி வைத்திருந்த வேலை வங்கதேசத்தில் ஊர் மொத்தத்துக்கும் பகிரப்பட்டிருக்கிறது. நாம் பாதியோடு நின்றுவிட்டோம். ஒருவர் தலையிலிருந்து இறக்கினோம். நம் தலையில் ஏற்றிக்கொள்ளவில்லை.

*

நான் இருக்கும் லேஅவுட் ஓர் ஏரியின் கோடித் தண்ணீர் போகிற வழியில் இருக்கிறது. பத்திரத்தில் அப்படி எழுதியிருக்காது. பழைய ஆட்கள் சொல்கிறார்கள். 64 வீடுகள். போன வருஷம் அக்டோபரில், மழைக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை வைக்கலாம் என்று வாட்ஸப் குழுவில் போட்டேன். 41 கட்டைவிரல்கள் வந்தன. நேரில் வந்தவர்கள் நான்கு பேர். அதில் ஒருவர் என் அப்பா.

அந்த நான்கு பேரும் நடந்தோம். எந்தச் சாக்கடை முதலில் பொங்கும், டிரான்ஸ்பார்மர் எங்கே, தனியாக இருக்கும் வயதானவர்கள் யார், மாடி உள்ள வீடுகள் எவை என்று ஒரு நோட்டில் எழுதினோம். அப்பாதான் வீடுகளைப் பிரித்தார், பிளான்ட்டில் தலை எண்ணியவரின் குரலில். "ஒருத்தனுக்கு ஆறு வீடு. மேசேஜ் போட்டேன்னு சொல்லக் கூடாது. ஆள் வெளிய வந்து மூஞ்சியக் காட்டணும்." என் முறைக்கு வந்த ஆறில் ஒன்று, நான் மூன்று வருஷமாக ஒரு வார்த்தை பேசியிராத பக்கத்து வீடு. கதவைத் தட்டி, எதற்காக வந்தேன் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. அந்த அம்மா உள்ளே கூப்பிட்டுக் காபி கொடுத்தார். கன்னடக்காரர். காது சரியாகக் கேட்காது. போன் அடித்தால் தெரியாது, கதவு அதிர்ந்தால் தெரியும் என்றார்.

இரண்டாவது ஒத்திகைக்கு 11 பேர் வந்தார்கள். அடுத்தது ஜூனில், தென்மேற்குப் பருவமழைக்கு முன்னால்.

பெரியம்மாவிடம் இதைச் சொன்னேன். அந்தப் பால்காரப் பையனுக்கு அவர் ஒரு புது டார்ச் வாங்கிக் கொடுத்திருக்கிறாராம். "அவன் ஊர்ல இல்லாத அன்னிக்கு மழ வந்தா?" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப எதிர்வீட்டுக்காரிகிட்டயும் சொல்லி வெக்கணும்" என்றார்.